தனிவழி போகும் பெண்களின் பாதுகாப்பு
குடும்பமும் கிராமமும் சேர்ந்து செய்யவேண்டியவை

விடியற்காலை ஐந்தரை மணிக்கு எமது கிராமத்து வீதியொன்றில் நின்று பார்த்தால், தனியே போகும் பெண்கள் எத்தனை பேர் என்பது விளங்கும். கறந்த பாலைச் சேகரிப்பு நிலையத்திற்குக் கொண்டு செல்பவர் ஒருவர். ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்கச் சந்திக்கு நடப்பவர் இன்னொருவர். தோட்டத்திற்குத் தண்ணீர் மாறப் போகிறவர், விறகு தேடிப் போகிறவர், கிளினிக்கில் முன்வரிசை இலக்கம் எடுக்கப் போகிறவர் என்று பலர் உள்ளனர். பாடசாலை மெய்வல்லுநர் போட்டிக்காக மரதன் ஓடிப் பழகும் மாணவிகளும் இருக்கிறார்கள். நீரிழிவும் குருதியமுக்கமும் உள்ள தாய்மாருக்கு வைத்தியர்கள் நடைப்பயிற்சி செய்யச் சொல்வதால், அவர்களும் இப்போது அதிகாலையில் வீதிக்கு வருகிறார்கள்.

இப்பெண்கள் போகும் வழியில் அவர்களுக்கு என்ன பாதுகாப்பு உண்டு? இந்தக் கேள்வியைப் பெரும்பாலான வீடுகளில் ஒரே பதிலால் முடித்துவிடுகிறோம்: "தனியப் போகாதை." அந்தப் பதில் போதாது என்பதே இப்பாடத்தின் கருத்து. மாதர் சங்கக் கூட்டத்திலோ குடும்பமாகவோ ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டு, இறுதியில் உள்ள வினாக்களைக் கலந்துரையாடுவது நல்லது.

1. "போகாதே" என்பதால் வரும் நட்டம்

கணவனை இழந்த ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். அவருக்கு இரண்டு பசுக்களும் கால் ஏக்கர் தோட்டமும் உண்டு. தோட்டம் வீட்டிலிருந்து ஒரு மைலுக்கு அப்பால் இருக்கிறது. கூடப்போக ஆண் துணை இல்லை. "தனியே போகாதே" என்று சொன்னால் அவருடைய அடுப்பு எரியாது. ஓட்டத்தில் திறமையுள்ள மாணவியைப் பயிற்சிக்குப் போகவிடாது மறித்தால், அவள் மாகாண மட்டப் போட்டியைக் காணமாட்டாள். மாலை வகுப்பை நிறுத்தினால் பரீட்சையில் பின்தங்குவாள். நடக்கச் சொன்ன வைத்தியரின் ஆலோசனையைக் கைவிடும் தாய்க்கு நோய் கூடும். வாரத்திற்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாளுக்கு அரை மணி நேரமாக ஐந்து நாட்கள் வேகமாக நடந்தால் அது நிறைவேறும்.

பெண்ணின் காலுக்குப் பலம் உண்டு என்பதற்கு எமது மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. 2023 ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில், முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்த 72 வயதான அகிலத்திருநாயகி தங்கப் பதக்கங்கள் பெற்றுத் திரும்பினார். அந்த வயதிலும் ஓடவும் நடக்கவும் அவருக்கு வழி இருந்தது. எமது மகள்மாருக்கும் அந்த வழி இருக்கவேண்டும்.

ஆகவே நாம் கேட்கவேண்டிய கேள்வி "பெண் ஏன் தனியே போகிறாள்?" என்பதல்ல. "அவள் பத்திரமாகப் போய்வர நாம் என்ன செய்திருக்கிறோம்?" என்பதே.

2. இடப்பெயர்வு எதைக் கொண்டுபோனது?

இடம்பெயர்வதற்கு முன்னரும் எமது பெண்கள் தனியே நடந்தார்கள். அப்போது அவர்களுக்கு ஒரு காவல் இருந்தது. அதை யாரும் காவல் என்று பெயர் சொல்லி அழைக்கவில்லை. ஒழுங்கை முகப்பில் முற்றம் கூட்டும் ஆச்சி, சந்திக் கடையைத் திறக்கும் ஐயா, துலாவில் தண்ணீர் இறைப்பவர், வேலிக்கு மேலால் "எங்கை பிள்ளை, விடியவே?" என்று கேட்கும் மாமி ஆகியோரே அந்தக் காவல். யார் எத்தனை மணிக்கு எங்கே போவார், எப்போது திரும்புவார் என்பது ஊருக்குத் தெரியும். வழக்கமான நேரத்திற்கு ஒருவரைக் காணாவிட்டால் யாராவது தேடுவார்கள்.

யுத்தமும் இடப்பெயர்வும் வீடுகளை மட்டும் அழிக்கவில்லை. இந்தப் பழக்கத்தையும் குலைத்தன. நலன்புரி நிலையங்களிலும் உறவினர் காணிகளிலும் வாழும்போது பக்கத்துக் கொட்டிலில் இருப்பவர் யாரென்றே தெரியாமற் போகிறது. ஊர் திரும்பியவர்களின் நிலையும் முழுதாகச் சீராகவில்லை. பத்து வீடுகள் இருந்த ஒழுங்கையில் மூன்று வீடுகளிலேயே ஆட்கள் குடியேறியிருக்கிறார்கள். மிகுதிக் காணிகளில் பற்றை வளர்ந்து, கூரையில்லாத சுவர்கள் நிற்கின்றன. சொந்தக் காணி ஓரிடத்திலும் வசிப்பிடம் வேறிடத்திலுமாக இருப்பவர்கள், ஆளரவமற்ற நீண்ட வழியைத் தினமும் கடக்கவேண்டியுள்ளது.

பழைய காவல் தானாக வளர்ந்தது. இன்று அது தானாகத் திரும்பி வராது. நாம் கூடிப்பேசி, திட்டமிட்டு, வேலை பங்கிட்டு அதை மீண்டும் கட்டவேண்டும்.

3. தவறு யாருடையது?

வழிமுறைகளைச் சொல்லுமுன் இதைத் தெளிவாக்கிக்கொள்வது அவசியம். ஒரு பெண்ணுக்கு வழியில் தீங்கு நேர்ந்தால், "அவள் ஏன் அந்த நேரத்தில் போனாள்? என்ன உடுத்தியிருந்தாள்?" என்ற கேள்விகளே முதலில் எழுகின்றன.

எமது அண்மைக்கால வரலாற்றில் மறக்கமுடியாத இரு சம்பவங்களை நினைத்துப் பாருங்கள். 1996 செப்டெம்பரில் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிய மாணவி ஒருவர் செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டனர். 1998 இல் நீதிமன்றம் படையினர் சிலரைக் குற்றவாளிகளாகக் கண்டு தண்டித்தது. 2015 மே மாதம் புங்குடுதீவில் காலையில் பாடசாலைக்குப் புறப்பட்ட மாணவி ஒருவர் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். 2017 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் அமர்ந்து விசாரித்து, ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தனர்.

இரண்டும் பகல் வேளையில் நடந்தவை. இருவரும் மாணவிகள். இருவரும் கல்வியின் பொருட்டு, தமக்குப் பழகிய வீதியிலேயே சென்றார்கள். அவர்கள் செய்த பிழை என்ன? எதுவுமில்லை. குற்றம் செய்தவனே குற்றத்திற்குப் பொறுப்பு.

இனி நாம் சொல்லப்போகும் முன்னெச்சரிக்கைகளை இந்த அடிப்படையிலேயே விளங்கிக்கொள்ளவேண்டும். வயலைச் சுற்றி யானை வேலி போடுகிறோம். போடாதவனின் பயிரை யானை அழித்தால் அவனைக் குற்றவாளி என்று சொல்வதில்லை. முன்னெச்சரிக்கை ஆபத்தைக் குறைக்கும் கருவி. பாதிக்கப்பட்டவளை அளக்கும் கோல் அல்ல.

4. புறப்படுமுன்

ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். மூன்று விடயங்கள் போதும்: எங்கே போகிறேன், எந்த வழியாகப் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன். "தோட்டத்துக்குப் போறன்" என்பது முழுமையான தகவல் அல்ல. "குளக்கட்டு வழியாப் போறன், ஏழரைக்கு வந்திடுவன்" என்பதே முழுமை. வீட்டில் வேறு எவரும் இல்லாவிட்டால் அடுத்த வீட்டு அக்காவுக்குச் சொல்லலாம். கேட்டவருக்கும் ஒரு கடமை உண்டு. சொன்ன நேரத்திற்கு அரை மணி நேரம் கடந்தும் ஆள் வராவிட்டால் அவர் எழும்பி விசாரிக்கவேண்டும்.

வெளிச்சத்தைக் கணக்கிடுங்கள். தை மாதத்தில் வடக்கில் சூரியன் உதிக்க ஏறக்குறைய ஆறரை மணியாகும். ஆனி மாதத்தில் ஆறு மணிக்கு முன்னரே உதித்துவிடும். பாடசாலை விளையாட்டுப் போட்டிகள் பெரும்பாலும் ஆண்டின் முதல் மாதங்களில் நடைபெறுவதால், ஐந்தரை மணிக்கு ஓடப்போகும் பிள்ளை முழு இருட்டிலேயே ஓடுகிறாள். முக்கால் மணி நேரம் பிந்திப் புறப்பட்டாலே பாதி ஆபத்து விலகும். பயிற்சி ஆசிரியர்களுடன் பெற்றோர் இதைப் பேசவேண்டும்.

ஓடுவதற்கு வீதி ஒன்றுதான் வழி என்று நினைக்கவேண்டியதில்லை. பாடசாலை மைதானத்தையோ சனசமூக நிலைய வளவையோ பத்துத் தரம் சுற்றினாலும் தூரம் தூரமே. நெடுந்தூரப் பயிற்சிக்கு வீதியில் ஓடத்தான் வேண்டும் என்றால், ஒருவர் சைக்கிளில் பின்னால் வரலாம்.

கைத்தொலைபேசியை இரவே சார்ஜ் செய்து வையுங்கள். அவசர இலக்கமான 119 ஐ அழைக்க மீதிப்பணம் தேவையில்லை. வீட்டு இலக்கத்தை ஒரே அழுத்தத்தில் எடுக்கக்கூடியதாகப் பதிந்து வையுங்கள். போகும் வழியில் எந்த இடத்தில் சிக்னல் கிடைக்காது என்பதை முன்னரே அறிந்து வையுங்கள். வீட்டு இலக்கத்தை மனப்பாடம் செய்வதும் அவசியம். தொலைபேசி பறிபோனால் மனத்தில் உள்ள இலக்கமே உதவும்.

கழன்று விழாத, பின்வார் உள்ள செருப்பு அல்லது சப்பாத்து அணியுங்கள். வாகன ஓட்டிகளின் கண்ணில் படுவதற்கு வெளிர்நிற உடை உதவும். ஒரு ரோச் லைற்றும் ஒரு விசிலும் போதிய ஆயுதங்கள். மிளகாய்த் தூள் காற்றில் திரும்பி எமது கண்ணிலேயே விழலாம். கத்தியை எதிராளி பறித்துக்கொள்ளலாம். வெளிச்சமும் சத்தமும் அவ்வாறு எமக்கு எதிராகத் திரும்பமாட்டா.

5. வழியில்

இலங்கையில் வாகனங்கள் இடப்பக்கமாகச் செல்வதால், நடப்பவரும் ஓடுபவரும் வலப்பக்கமாகச் செல்லவேண்டும். அப்போது எதிரே வரும் வாகனம் கண்ணுக்குத் தெரியும். மோட்டார் சைக்கிள் ஒன்று பின்னாலிருந்து மெதுவாக ஒட்டி வருவதும் கடினமாகும். விபத்திலிருந்தும் தொந்தரவிலிருந்தும் ஒருங்கே காக்கும் பழக்கம் இது.

காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு நடப்பதையும் ஓடுவதையும் தவிருங்கள். பின்னால் வரும் காலடியும் வாகனமும் காதுக்குத்தான் முதலில் தெரியும். நாய் துரத்தினாலும் யானை கிளை முறித்தாலும் முதலில் அறிவது காதே.

ஒரே நேரத்தில் ஒரே வழியால் எல்லா நாளும் போவதை இயன்றவரை மாற்றுங்கள். பால் கொண்டு செல்பவருக்கு நேரத்தை மாற்றமுடியாது. அவர் வழியையாவது இடைக்கிடை மாற்றலாம், அல்லது அதே நேரத்தில் போகும் இன்னொருவருடன் சேரலாம்.

வாகனத்தை நிறுத்தி ஒருவர் ஏறச் சொன்னால் என்ன செய்வது? அறிமுகமானவர் என்பதனால் மட்டும் அவர் பாதுகாப்பானவர் ஆகிவிடமாட்டார். பெண்களுக்கு எதிரான வன்முறைகளில் பெரும்பாலானவற்றை அவர்களுக்குத் தெரிந்தவர்களே செய்கிறார்கள். மறுப்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. நின்று பேசவும் தேவையில்லை.

"ஏறும் தங்கச்சி, சந்தியிலை இறக்கி விடுறன்."

"வேண்டாம் அண்ணை, மாமா முன்னாலை வந்துகொண்டிருக்கிறார்."

இவ்வளவு போதும். நடந்துகொண்டே சொல்லுங்கள். வாகன இலக்கத்தைப் பார்த்து, அவர் போனபின் வீட்டுக்கு அழைத்துச் சொல்லுங்கள். இந்த மறுமொழியை மகள்மாருக்கு வீட்டில் சொல்லிக்கொடுத்துப் பழக்கலாம். பயத்தில் வாய் அடைத்துப்போவது மனித இயல்பு. பழகிய சொல்லே பயத்திலும் வாயில் வரும்.

6. ஆபத்து நெருங்கினால்

யாரோ பின்தொடர்வதாகத் தோன்றினால் வீதியின் மறுபக்கம் மாறிப் பாருங்கள். அவரும் மாறினால் உங்கள் ஐயம் சரி. உடனே மிக அருகில் உள்ள, ஆட்கள் இருக்கும் வீட்டை நோக்கிப் போங்கள். உங்கள் வீடு அதைவிடத் தூரமாயின் அங்கே போக முயலாதீர்கள். முன்பின் தெரியாத வீடாக இருந்தாலும் படலையைத் திறந்து உள்ளே போகலாம்.

பற்றைக்குள்ளும் கைவிடப்பட்ட காணிக்குள்ளும் ஓடாதீர்கள். அங்கே உங்களைக் காண்பவர் இல்லை. அத்துடன் வன்னியின் சில பகுதிகளில் கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முடியவில்லை. மண்டையோட்டுக் குறியுள்ள சிவப்புப் பலகைக்கு அப்பால் ஓர் அடியும் வைக்கக்கூடாது. ஆட்கள் நடந்து தேய்ந்த பாதையிலேயே, ஆட்கள் இருக்கும் திசையிலேயே ஓடவேண்டும். மெய்வல்லுநர் போட்டிக்காகப் பழகிய கால் அந்த நேரத்திலும் உதவும்.

உரத்துக் கத்துங்கள். விசிலை விடாது ஊதுங்கள். சைக்கிளில் வந்திருந்தால் அதை உங்களுக்கும் அவனுக்கும் நடுவே பிடியுங்கள். கையில் உள்ள பால் பாத்திரத்தையோ பணத்தையோ கேட்டால் எறிந்துவிட்டு ஓடுங்கள். பொருளைப் பின்னர் தேடலாம்.

பிடித்துவிட்டால் எதிர்த்துப் போராடலாம். தன் உடலைக் காப்பதற்குத் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தும் உரிமையை இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை ஒவ்வொருவருக்கும் தருகிறது. எதிர்க்க முடியாமற் போனாலும் அது சம்மதம் ஆகாது. உயிரோடு வீடு திரும்புவதற்காக அந்த வேளையில் ஒரு பெண் எதைச் செய்தாலும் அது சரியானதே.

7. நேர்ந்த பின்னர்

தொந்தரவு சிறியதாயினும் வீட்டில் சொல்லுங்கள். ஒருவன் இன்று வாயால் கேலி செய்கிறான். யாரும் கேட்காவிட்டால் நாளை வழி மறிப்பான். வார்த்தையாலோ செயலாலோ பாலியல் தொந்தரவு செய்வது தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின் கீழ்க் குற்றமாகும். 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதற்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையோ தண்டப்பணமோ இரண்டுமோ விதிக்கலாம். பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடும் வழங்கச் செய்யலாம்.

பாலியல் வன்முறை நடந்திருந்தால் காலம் மிக முக்கியம். பின்வருவனவற்றை வீட்டிலுள்ள எல்லோரும் அறிந்திருக்கவேண்டும்:

• குளிக்கவோ உடையைத் தோய்க்கவோ முன்னர் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். உடையைக் கடதாசிப் பையிலோ துணிப் பையிலோ சுற்றி எடுத்துச் செல்லவேண்டும். பொலித்தீன் பையில் ஈரம் தங்கிச் சான்று பழுதாகும்.

• எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்திற்குள் ஆரம்பிக்கவேண்டும். முந்தினால் மேலும் நல்லது. கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரையும் விரைவாக எடுத்தாலே பலன் தரும்.

• 72 மணி நேரம் கடந்துவிட்டது என்பதற்காகப் போகாமல் இருக்கக்கூடாது. காயத்திற்கும் மனத்திற்கும் சிகிச்சை உண்டு. முறைப்பாட்டையும் அதன்பின் செய்யலாம்.

• அரச வைத்தியசாலைகள் பலவற்றில் 'நட்பு நிலையம்' என்ற பிரிவு உண்டு. வன்முறைக்கு உள்ளான பெண்களின் பேச்சைத் தனியாக இருந்து கேட்டு உதவுவது அதன் பணி.

முறைப்பாட்டைப் பொலிஸ் நிலையத்தின் பெண்கள், சிறுவர் பிரிவில் செய்யலாம். தமிழில் சொல்லவும், எழுதியதைத் தமிழில் வாசித்துக் கேட்டபின் ஒப்பமிடவும் உங்களுக்கு உரிமை உண்டு. விளங்காத மொழியில் எழுதப்பட்ட தாளில் ஒப்பமிடாதீர்கள். நம்பிக்கையான ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளையைக் காணவில்லை என்று போகும் பெற்றோரிடம், "யாரோடாவது போயிருப்பாள், பொறுத்துப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்ப யாருக்கும் உரிமை இல்லை. முதல் சில மணித்தியாலங்களே தேடுதலுக்குப் பெறுமதியானவை.

சாட்சி சொல்லப் பயப்படுபவர்களுக்கும் சட்டத்தின் துணை உண்டு. பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டம் 2015 இல் கொண்டுவரப்பட்டு, 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தால் புதுப்பிக்கப்பட்டது. வழக்கறிஞருக்குப் பணம் கொடுக்க இயலாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவது குற்றம் என்பதையும் இளைஞர்கள் அறியவேண்டும். தொலைபேசியில் படத்தையும் பெயரையும் பரப்புவது அனுதாபம் ஆகாது.

வெட்டி ஒட்டிவைக்க வேண்டிய இலக்கங்கள்:
பொலிஸ் அவசர அழைப்பு – 119
மகளிர் உதவி – 1938
சிறுவர் உதவி – 1929
நோயாளர் காவு வண்டி – 1990

8. வீட்டு ஆண்களுக்கு

மகள் ஒரு தொந்தரவைச் சொல்லும்போது தகப்பனும் தமையனும் காட்டும் முதல் முகம், அவள் இரண்டாம் முறை சொல்வாளா என்பதைத் தீர்மானிக்கிறது. "நாளையிலிருந்து போகவேண்டாம்" என்று சொன்னால், அடுத்த முறை அவள் மறைப்பாள். பயிற்சி நின்றுவிடும் என்ற பயத்தில் பல பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. "சொன்னது நல்லது பிள்ளை. என்ன செய்யலாம் எண்டு யோசிப்பம்" என்று சொல்லும் வீட்டில் அவள் எல்லாவற்றையும் சொல்வாள். ஆத்திரத்தில் பொல்லோடு புறப்படும் தமையன் தானே வழக்கில் மாட்டிக்கொள்வான். தங்கைக்கு அதனால் பாதுகாப்பு வராது.

மகன்மாருக்கும் பாடம் சொல்லவேண்டும். மதகில் குந்தியிருந்து போகும் பெண்களைப் பார்த்துக் கதை சொல்வது விளையாட்டல்ல. ஆளற்ற வீதியில் ஒரு பெண் முன்னே நடந்தால், பின்னால் வரும் நல்ல மனிதன் மறுபக்கம் மாறி நடப்பான். மோட்டார் சைக்கிளில் வந்தால் மெதுவாக்காமல் கடந்து போவான். இத்தகைய சிறிய மரியாதைகளை ஆண்பிள்ளைகள் தகப்பனைப் பார்த்தே பழகுகிறார்கள்.

9. கிராமம் செய்யவேண்டியது: வழி வரைபடம்

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒரு பிற்பகலில் செய்யக்கூடிய வேலை இது. செலவு ஒன்றுமில்லை.

முற்றத்து மண்ணில் சாம்பலால் கிராமத்து வீதிகளை வரையுங்கள். ஆட்கள் வசிக்கும் வீடுகளுக்குக் கல்லும், கைவிடப்பட்ட வீடுகளுக்குச் சிரட்டையும், பற்றைக்கு இலைக்கொத்தும் வையுங்கள். பின்னர் ஒவ்வொரு பெண்ணும் தான் தினமும் போகும் வழியை விரலால் காட்டட்டும். எங்கே பயம் வருகிறதோ அங்கே ஒரு மிளகாயை வைக்கட்டும். கசிப்பு விற்கும் இடம், வெளிச்சமற்ற மதகு, நாய்க் கூட்டம், யானை கடக்கும் இடம், சிக்னல் இல்லாத பகுதி எல்லாம் அதில் வரவேண்டும். மாணவிகளையும் தனியே கேளுங்கள். தாய்மார் அறியாத இடங்களை அவர்கள் காட்டுவார்கள்.

மிளகாய் கூடிய இடங்களே முதலில் வேலை செய்யவேண்டிய இடங்கள். அவற்றை ஒரு தாளில் பிரதி செய்து, வேலைகளைப் பங்கிடுங்கள்:

• கண்ணிவெடி அபாயம் இல்லை என்று உறுதிசெய்யப்பட்ட வீதியோரங்களில் சிரமதானம் செய்து, இருபுறமும் பத்தடிக்குப் பற்றையை வெட்டுதல். ஆடிக்கொரு தடவை செய்தால் போதாது. மாரி மழைக்குப் பின் மீண்டும் வெட்டவேண்டும்.

• தெருவிளக்கு கேட்டுப் பிரதேச சபைக்குக் கடிதம் கொடுத்தல். எந்தத் தூணில் வேண்டும் என்று தூண் இலக்கத்துடன் எழுதினால் விடயம் விரைவாக நகரும். கடிதத்தின் பிரதியில் பெற்றுக்கொண்ட திகதியை வாங்கி வைக்கவேண்டும்.

• கைவிடப்பட்ட வீடுகளின் விபரத்தைக் கிராம அலுவலர் மூலம் பிரதேச செயலகத்திற்குத் தெரிவித்து, உரிமையாளர்களைக் கொண்டு துப்புரவாக்குதல்.

• ஒரே நேரத்தில் ஒரே திசையில் போகும் பெண்களை இணைத்தல். பால் கொண்டு செல்பவரும் பஸ்ஸுக்குப் போகிறவரும் ஓடிப் பழகும் மாணவியும் கால் மணி நேரத்தை விட்டுக்கொடுத்தால் ஒரே கூட்டமாகப் போகலாம்.

• வழி நெடுக 'தஞ்ச வீடுகளை' ஒப்புக்கொள்ளுதல். எந்த நேரமும் படலையைத் திறந்து உள்ளே வரலாம் என்று சம்மதித்த வீடுகள் இவை. அவற்றைப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் நேரில் அழைத்துச் சென்று காட்டவேண்டும்.

• மூன்று நீண்ட விசில் சத்தம் கேட்டால் எல்லோரும் வெளியே வரவேண்டும் என்பது போன்ற ஓர் அடையாளத்தை ஊர் முழுவதும் அறியச் செய்தல்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. காவல் என்ற பெயரில் பெண்கள் யாரோடு பேசுகிறார்கள், என்ன உடுக்கிறார்கள் என்று உளவு பார்க்கும் கூட்டம் உருவாகக்கூடாது. அவ்வாறான கூட்டத்திற்குப் பயந்து பெண்கள் ஆளற்ற வழிகளையே தேடுவார்கள். அவள் பத்திரமாக வந்துசேர்ந்தாளா என்பதை அறிவது மட்டுமே ஊரின் வேலை.

10. கலந்துரையாடலுக்கு

1. எமது கிராமத்தில் விடியுமுன்னும் பொழுதுபட்ட பின்னும் தனியே போகும் பெண்கள் யார்? அவர்கள் போவதற்குரிய காரணங்கள் எவை?
2. பாதுகாப்பைக் காரணம் காட்டிக் கல்வியையோ தொழிலையோ விளையாட்டையோ நிறுத்திய பெண்கள் எம்மிடையே உள்ளனரா? அவர்களை மீண்டும் அனுப்ப என்ன செய்யவேண்டும்?
3. எமது வழிகளில் 'தஞ்ச வீடுகளாக' இருக்கக்கூடிய மூன்று வீடுகள் எவை? அவர்களிடம் யார் பேசுவது?
4. வழியில் நேர்ந்ததை ஒரு பெண் சொல்ல வந்தால், எமது சங்கத்தில் முதலில் கேட்பவர் யார்? வைத்தியசாலைக்குக் கூடப் போகிறவர் யார்?
5. அடுத்த கூட்டத்திற்கு முன் முடிக்கக்கூடிய ஒரு வேலை எது? அதற்குப் பொறுப்பானவர் யார்?

ஐந்தாம் வினாவுக்குரிய விடையைச் சங்கத்தின் குறிப்பேட்டில் பெயரும் திகதியும் இட்டு எழுதுங்கள். அடுத்த கூட்டத்தை அந்தப் பக்கத்தை வாசித்தே ஆரம்பியுங்கள்.